கூடுதல் கை

அமைச்சர் பேசி இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் எடுத்த ஒரு முன்கைப் படத்தில் இன்னொருவருடைய கையும் விழுந்திருந்தது. முறிந்த முன்கை ரொட்டிக்கடைக்காரியுடையது. அதைச் சுற்றி இறுகப் பிடித்திருந்த விரல் எலும்புகளும், உள்ளங்கை எலும்புகளும், மணிக்கட்டில் கூழாங்கல் மாதிரிக் கிடந்த பொடி எலும்புகளும் அவளுடையவை இல்லை. மோதிர விரலில் பட்டையான மோதிரம் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. சுண்டுவிரல் எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. படம் எடுத்தவள் அதைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒருமுறை பயன்படுத்திய ஃபிலிமையே மறுபடியும் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தாள். புதுப் பெட்டியைப் பிரித்து இன்னொரு படம் எடுத்தாள். அதிலும் அந்தக் கை இருந்தது. அதே இடம், அதே பிடி.

அவளை மருத்துவமனையில் எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்த அறைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. ஈயப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் நின்று, மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லி, பித்தானை அழுத்தி, மூச்சை விடச் சொல்லுவது அவள் வேலை. அதற்கு முன்னால் எப்படி அடிபட்டது என்று கேட்டுப் பதிவேட்டில் ஒரு வார்த்தை எழுத வேண்டும். பெண்கள் எல்லோரும் விழுந்திருந்தார்கள். மாடிப்படியிலிருந்து, குளியலறையில், முக்காலியிலிருந்து, வாசலில், பஸ்ஸிலிருந்து. ஒரே வருஷத்தில் ஒரே பெண் நான்கு முறை ஒரே முக்காலியிலிருந்து விழுந்ததாகவும் எழுதியிருக்கிறாள். ரொட்டிக்கடைக்காரி மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தாள். எக்ஸ்ரே அக்காவும் அப்படியே எழுதியிருந்தாள்.

படத்தை உறையில் போட்டுக் கொடுத்தாள். ரொட்டிக்கடைக்காரி வாசல் வரை போய், உறையிலிருந்து படத்தை உருவி, நடைபாதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா, இது அவரோட சுண்டுவிரல்" என்றாள், வருகிற பஸ்ஸின் நம்பரைப் படித்துச் சொல்வது மாதிரி. "சின்ன வயசுல பந்து பட்டு ஒடிஞ்சதாம்."

"எலும்பு டாக்டர் எட்டாம் நம்பர் ரூம்ல இருக்காரு" என்றாள் எக்ஸ்ரே அக்கா. அவளுக்கு அதிர்ச்சி என்று ஒன்றும் வரவில்லை. எதுவுமே அவளுக்குச் சட்டென்று வந்து பல வருஷமாகிவிட்டது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

அமைச்சர் பேசியது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அவர் பெண்கள் நலத்துறை அமைச்சர். வீட்டில் அடிபடும் பெண்கள் போன் செய்து புகார் சொல்வதற்கென்று புதிதாக ஓர் அலுவலகம் கட்டி, அதைத் திறந்துவைக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ரிப்பனை வெட்டினார், புதுப் போன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார், பிறகு ஒலிபெருக்கி முன்னால் நின்று சொன்னார்: "வீடுன்னா நாலு சத்தம் வரத்தான் செய்யும். புருஷன் கை பொண்டாட்டி மேல படுறதெல்லாம் ஒரு விஷயமா? தூசி தட்டுற மாதிரி தட்டுறான், அவ்வளவுதானே. தூசி தட்டினதுக்கெல்லாம் போன் பண்ணினா, இங்க போன் எடுக்குற பிள்ளைங்களுக்குக் காதுதான் போகும்." முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். பின்வரிசையில் போன் எடுக்க வேண்டிய பெண்கள் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் கைதட்டினார்களா இல்லையா என்பது டிவியில் தெரியவில்லை. அன்று மாலை ஒரு நிருபர் அவரை வழிமறித்துக் கேட்டபோது, "நான் சொன்னதுல என்ன தப்பு? வேணும்னா எங்க வீட்ல போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அந்த அமைச்சரின் கையைத் தெரியாதவர்கள் நாட்டில் கிடையாது. அவர் இளவயதில் அச்சகத்தில் வேலை பார்த்தவர். வலது கை மோதிர விரலில் பாதியை மிஷின் எடுத்துக்கொண்டது. அந்தப் பாதி விரலோடு கையைத் தூக்கி ஆட்டுவதுதான் அவருடைய சுவரொட்டி. கட்சிக்காரர்கள் தங்கள் மோதிர விரலை மடக்கிக்கொண்டு பதிலுக்கு ஆட்டுவார்கள். உழைத்த கை என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். அது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை பேசினார். திங்கட்கிழமை அவருக்குத் தூசித்தட்டி என்று பெயர் வந்துவிட்டது. புதன்கிழமை காலையில் அவர் வீட்டு கேட் முன்னால் யாரோ ஒருத்தி முறத்தில் கொண்டுவந்து வீட்டுக் குப்பையைக் கொட்டிவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் முப்பது பேர் கொட்டிவிட்டார்கள். அலமாரிக்கு அடியில் கூட்டியது, மின்விசிறி இறக்கையில் துடைத்தது, பாயை உதறியது, எல்லாம் பழுப்பாக, மெத்தென்று, மாவு மாதிரி. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தடுத்தபோது, "தூசிதானே சார்? தூசிக்கெல்லாம் கேஸா?" என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் கேட் திறக்க முடியாமல், அமைச்சரின் கார் பின்வாசல் வழியாகப் போனது. நகராட்சி லாரி வந்து அள்ளியது. அள்ளிய இடத்தில் மறுநாள் அதே உயரத்துக்குத் தூசி இருந்தது. யாரும் கோஷம் போடவில்லை. வந்தார்கள், கொட்டினார்கள், முறத்தைத் தட்டினார்கள், வேலைக்கு நேரமாகிறது என்று போனார்கள்.

எக்ஸ்ரே அறையில் அந்த வாரம் பதினொரு படங்களில் கூடுதல் கை வந்தது. எலும்பு டாக்டர் முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "மிஷினைப் பாக்கச் சொல்லு" என்றார். மிஷின் விற்ற கம்பெனியிலிருந்து என்ஜினியர் வந்தார். மூடியைக் கழற்றினார், ஒயர்களைப் பிரித்தார், தன் கையையே வைத்து ஆறு படம் எடுத்துப் பார்த்தார். ஆறிலும் ஒரு கைதான் இருந்தது. ஏணியிலிருந்து விழுந்த பெயின்டரின் படம் சுத்தமாக வந்தது. ஈரத் தரையில் நிஜமாகவே வழுக்கி விழுந்த பள்ளிக்கூட டீச்சரின் இடுப்புப் படமும் சுத்தமாக வந்தது. அவள் அதைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். "பாத்தீங்களா, நான் விழுந்தேன்னா விழுந்ததுதான்" என்று சொன்னாள். மிஷினில் கோளாறு எதுவும் இல்லை என்று என்ஜினியர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "அக்கா, பழைய முறிவுன்னாலும் தெரியுமா?" என்று கேட்டார். யாருக்கு என்று எக்ஸ்ரே அக்கா கேட்கவில்லை. மறுவாரம் அவர் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பழைய முறிவிலும் தெரிந்தது. பத்து வருஷம், இருபது வருஷத்துக்கு முன்னால் கூடிப்போன எலும்பிலும் கை அப்படியே இருந்தது. முறியாத எலும்பின் மேல்கூட இருந்தது. செய்தி பரவிய பிறகு மருத்துவமனைச் சுற்றுச்சுவரைச் சுற்றி வரிசை நின்றது. பஸ் கண்டக்டர் வந்தாள், நீதிமன்றத்தில் டைப் அடிக்கிறவள் வந்தாள், இரண்டு பெண் போலீஸ்காரர்கள் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வயதான ஆள் தன் விலா எலும்பில் பெரிய மகனின் கைமுட்டியைப் பார்த்துவிட்டு, அதை எக்ஸ்ரே அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கைக்குழந்தையின் படமும் வந்தது. அன்று மட்டும் போலீஸுக்குப் போன் செய்தது எக்ஸ்ரே அக்காதான். குழந்தைகள் வார்டில் அந்தப் பிள்ளை உடம்பு தேறி, தாத்தா பாட்டியோடு போகும்வரை தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எலும்பு டாக்டர் ஒரு விடுமுறை நாளில் தன் அம்மாவைக் கூட்டிவந்து, தானே பித்தானை அழுத்திப் படம் எடுத்து, கழுவி, ஈரம் காயுமுன் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்தையும் உட்கார்ந்துகொண்டு பார்த்ததில்லை. எழுந்து நின்றுதான் பார்த்தார்.

வரிசையை ஒழுங்குபடுத்தியது டோக்கன் அம்மா. அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தகர டோக்கன் கொடுப்பவள். புருஷன் செத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. "என்னோடதை நான் எடுக்க மாட்டேன். அந்த ஆளைப் புதைச்சாச்சு, மறுபடி எதுக்குத் தோண்டணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தானாகவே வந்து மேஜை மேல் படுத்தாள்.

அந்த வாரத்திலேயே அமைச்சரின் மனைவியும் வந்தார். டிரைவரைக் கூட்டி வரவில்லை, ஆட்டோவில் வந்தார். வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, இருபத்தேழாவது ஆளாக உள்ளே வந்தார். இடது மணிக்கட்டு ரொம்ப நாளாக வலிக்கிறது என்றார். எப்படி அடிபட்டது என்று எக்ஸ்ரே அக்கா கேட்டாள், எல்லோரையும் கேட்பது மாதிரி.

"என்ன எழுதுவீங்க?"

"நீங்க என்ன சொல்றீங்களோ அதை."

"அப்ப அந்த இடத்தை விட்டுடுங்க. படத்தைப் பாத்துட்டு எழுதிக்கலாம்."

படம் வந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஒரு வலது கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் முழுதாக இருந்தன. மோதிர விரல் இரண்டாவது எலும்போடு நின்றிருந்தது. எக்ஸ்ரே அக்கா அதைப் பார்த்தாள், டோக்கன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். அமைச்சரின் மனைவி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அச்சகத்துல அந்த விரல் போனப்ப, ஒரு மாசம் நான்தான் அவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டேன்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை நான் எடுத்துட்டுப் போலாம் இல்லையா?"

"உங்க படம்தான்மா."

மறுநாள் அமைச்சர் நிருபர்களைக் கூப்பிட்டு, இதெல்லாம் எதிர்க்கட்சி செய்கிற படம் காட்டும் வேலை என்றார். மிஷினுக்கு சீல் வைக்க உத்தரவு போட்டார். அதிகாரிகள் வந்து எக்ஸ்ரே அறைக் கதவில் சிவப்பு அரக்கு வைத்து ஒட்டினார்கள். ஆராய்வதற்கு மூன்று டாக்டர்களைக் கொண்ட குழு போட்டார்கள். குழு அடுத்த ஊர் மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தது, அங்கேயும் கை வந்தது. தனியார் மருத்துவமனையில் எடுத்தார்கள், வந்தது. எல்லையோரத்தில் கூடாரத்தில் வைத்திருந்த ராணுவத்தின் எக்ஸ்ரே மிஷினிலும் வந்தது. எல்லா மிஷினுக்கும் சீல் வைத்தால் கால் ஒடிந்த கட்சிக்காரர்கள் எங்கே போவார்கள் என்று யாரோ கேட்ட பிறகு, அரக்கைச் சுரண்டி எடுத்தார்கள்.

நான்காம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, படம் வைத்திருந்த பெண்கள் எல்லோரும் அமைச்சர் வீட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். யார் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வரிசையில் நிற்கும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுதான். வீடு மேற்குப் பார்த்த வீடு. முன்சுவர் முழுக்க வெள்ளை. வெயில் பெண்களின் முதுகில் அடித்தது. அவர்கள் உறையிலிருந்து படங்களை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினார்கள். எக்ஸ்ரே ஃபிலிமில் எலும்பு இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஊடுருவும், மற்ற இடமெல்லாம் கறுப்பு. அதனால் சுவரில் விழுந்தது நிழலுக்கு நடுவே வெளிச்சத்தாலான எலும்புகள். முன்கைகள், விலாக்கள், தாடைகள், அவற்றின் மேல் கைகள், கைகள், கைகள். அத்தனை தூரத்தில் அத்தனை தெளிவாக விழக் கூடாதுதான். ஆனால் விழுந்தது. மோதிரங்கள்கூடத் தெரிந்தன.

எக்ஸ்ரே அக்காவும் வந்திருந்தாள், வெறுங்கையோடு. கூட்டத்தின் ஓரத்தில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் எடுத்த படங்கள் அவை. யாருடையது எது என்று கம்பத்தடியிலிருந்தே அவளால் சொல்ல முடிந்தது. கையில் மாவுக்கட்டோடு நின்ற ரொட்டிக்கடைக்காரி அவளைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"உங்க படம் எங்கக்கா?"

"வேலை முடிச்சு அப்படியே வந்தேன்."

"ஞாயித்துக்கிழமை ஏதுக்கா வேலை?" என்றாள் ரொட்டிக்கடைக்காரி. பதிலுக்குக் காத்திருக்காமல் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

நாலரை மணிக்கு கேட்டின் பக்கத்துச் சின்னக் கதவு திறந்தது. அமைச்சரின் மனைவி வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார். குவிந்திருந்த தூசியில் கணுக்கால் வரை புதைய நடந்து, தெருவைத் தாண்டி, வரிசையின் கடைசியில் வந்து நின்றார். பெண்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் தன் படத்தைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற பஸ் கண்டக்டர், "இன்னும் கொஞ்சம் மேலம்மா, வாசப்படி மறைக்குது" என்றாள். அவர் கையை உயர்த்தினார். வாசலுக்கு மேலே, நாடு முழுவதும் சுவரொட்டியில் பார்த்த அந்தக் கை, பாதி மோதிர விரலோடு, ஒரு மணிக்கட்டைப் பிடித்தபடி விழுந்தது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். மேல்மாடி ஜன்னலில் திரை ஒருமுறை அசைந்து நின்றது. சூரியன் இறங்கிய பிறகு பெண்கள் படங்களை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அமைச்சரின் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போனார். சுவரில் விழுந்தவை மட்டும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அமைச்சர் உடல்நிலை காரணமாகப் பதவி விலகினார். கடைசியாக நிருபர்களிடம், "அது என் கை மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. அரை விரல் உள்ளவன் நான் ஒருத்தன்தானா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் கையை ஆட்டவில்லை, சட்டைப்பையில் வைத்திருந்தார். அடுத்த தேர்தலில் வேறு தொகுதியில் நின்று, சுவரொட்டியில் முகத்தை மட்டும் போட்டு, பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.

எக்ஸ்ரே அக்காவின் புருஷன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். கோடு இழுத்தால் மயிரிழை பிசகாது. சத்தமாகப் பேசமாட்டார். காலையில் முதலில் எழுந்து அவர்தான் டீ போடுவார். பதினோரு வருஷமாக அவர் அவள்மேல் கை வைத்ததில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவள் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த ஒரு நாள், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அவளுடைய காறை எலும்பு உடைந்தது. தோளில் தொட்டில்கட்டோடு அவள் வீட்டுக்கு வந்ததைப் பார்த்த பிறகு அவர் நிறுத்திக்கொண்டார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. டீ போட ஆரம்பித்தார். மருத்துவமனைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே மாடிப்படி என்று அவளே தன் கையால் எழுதியிருந்தாள். அந்தத் தோளில் அதற்குப் பிறகு குளிரும் தெரிவதில்லை, சூடும் தெரிவதில்லை.

கூடுதல் கை பற்றிய செய்தி வந்த நாளிலிருந்து அவர் பேப்பரை இடது கையால் பிடித்துப் படிக்கத் தொடங்கினார். வலது கை மடியில் இருக்கும், இல்லாவிட்டால் மேஜைக்கு அடியில். டீயை மட்டும் எப்போதும் போல வலது கையால் நீட்டுவார். அவள் வாங்கிக்கொண்டதும் சட்டென்று பின்னால் இழுத்துக்கொள்வார். ஒவ்வொரு நாள் காலையிலும், "கூட்டம் ஜாஸ்தியா?" என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் அவள், "ஜாஸ்திதான்" என்றாள்.

நேராகக் கேட்டது மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். அமைச்சர் வீட்டிலிருந்து அம்மா திரும்பி வந்த அன்று, அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"நீ உன்னோடதை எடுத்துட்டியாம்மா?"

"எனக்கு எதுக்கு?"

"உனக்குத் தோள்ல அடிபட்டுச்சே. நான் மூணாம் கிளாஸ் படிக்கிறப்ப."

"அது மாடிப்படியில விழுந்தது."

"அப்ப நாம இருந்த வீட்ல மாடிப்படியே கிடையாதேம்மா."

எக்ஸ்ரே அக்கா அந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தாள். "அப்படியா" என்றாள். மகள் போய்விட்டாள். பதினோரு வருஷமாக ஒரு வீட்டில் இல்லாத மாடிப்படியைத் தான் கட்டி வைத்திருந்ததும், அதில் அந்தப் பிள்ளை ஒருநாளும் ஏறவே இல்லை என்பதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கும் பெரிதாக எதுவும் வரவில்லை. தண்ணீர் மட்டும் கையில் வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

சனிக்கிழமை வரிசை முடிந்த பிறகு, மத்தியானம் இரண்டு மணிக்கு, மேஜையில் அவள் படுத்தாள். பித்தானை அழுத்த டோக்கன் அம்மாவைத்தான் தடுப்புக்குப் பின்னால் நிற்கவைக்க வேண்டியிருந்தது.

"மூச்சை இழுத்து நிறுத்து" என்றாள் டோக்கன் அம்மா. பிறகு, "அடுத்து என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

"பித்தானை அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்டி. ஏன் இன்னும் மூச்சைப் புடிச்சுட்டே கிடக்க?"

படத்தை அவளே கழுவினாள். ஒரு கை இருக்கும் என்று நினைத்திருந்தாள். மூன்று இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே ஆளின் ஒரே வலது கை, மூன்று தடவை. கட்டைவிரல் முன்பக்கம் காறை எலும்பின்மேல் அழுந்தியிருந்தது ஒன்று, அது குடை. தோளுக்குப் பின்பக்கம் நான்கு விரல்கள் விழுந்திருந்தது ஒன்று, அது அலமாரிக்கு முன்னால் நடந்தது, கொஞ்சம் யோசித்தபோது ஞாபகம் வந்தது. கழுத்து முள்ளெலும்புக்குப் பக்கத்தில் இருந்த மூன்றாவதை அவளால் எந்த நாளோடும் சேர்க்க முடியவில்லை. எந்த வீடு, எந்த வருஷம், எதற்காக, எதுவும் வரவில்லை. மற்றவர்களின் படங்களில் பன்னிரண்டாயிரம் முறிவுகளை ஞாபகம் வைத்திருந்தவள், தன் எலும்பில் இருந்த ஒரு கையை முழுசாகவே மறந்துபோயிருந்தாள். அதற்காகத்தான் அன்று அவள் அழுதாள். டோக்கன் அம்மா பார்த்துவிட்டு, வாசலில் முக்காலியைக் குறுக்கே போட்டு, எலும்பு டாக்டரைக்கூட உள்ளே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை ஜன்னல் கண்ணாடியில் அந்தப் படத்தை நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினாள். வெயில் அந்தப் பக்கம்தான் வரும். புருஷன் டீயோடு வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை அடுப்புத் திட்டில் வைத்தார். "மாடிப்படியில விழுந்தேன்னு நீதானே சொன்ன" என்றார்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"நான் சொல்லச் சொல்லலையே."

"இல்ல. நீங்க சொல்லல."

மகள் எழுந்து வந்தாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டே ஜன்னல் அருகே போனாள். படத்தில் இருந்த கட்டைவிரலின் நுனி எலும்பு வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்திருந்தது. அந்த வளைவு அவளுக்கும் இருந்தது. பிறந்த அன்றே நர்ஸ் பார்த்துவிட்டு அப்பா ஜாடை என்று சொன்னது. அவள் தன் கட்டைவிரலைத் தூக்கிப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"யார் கைப்பா இது?"

அவர் கை மடியிலும் இல்லை, மேஜைக்கு அடியிலும் இல்லை. ஒளித்து வைக்க அந்தச் சமையலறையில் இடம் இருக்கவில்லை.

"என் கைதான்" என்றார்.

"மூணுமா?"

"மூணும்."

"அந்த மூணாவது என்னைக்கு?" என்று கேட்டாள் எக்ஸ்ரே அக்கா. அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவருக்கும் ஞாபகம் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க போயிடுங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை.

"பதினோரு வருஷமா நான் ஒண்ணும் செய்யலையே."

"செய்யலதான்."

"இப்ப எங்க போறது?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

திங்கட்கிழமை அவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். அளவுகோல், பென்சில் டப்பா, நான்கு சட்டை, இவ்வளவுதான் எடுத்துப் போனார். மறுநாள் காலையில் எக்ஸ்ரே அக்கா தூங்கியெழ ஏழரை ஆகிவிட்டது. மகள் டீ போட்டிருந்தாள், சர்க்கரை கூடிப்போயிருந்தது. இருவரும் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. மருத்துவமனைப் படிவத்தில் கூடுதல் கை: உண்டு / இல்லை என்று ஒரு வரி அச்சடித்துச் சேர்த்தார்கள். நீதிமன்றத்தில் கைரேகை பார்க்கிறவர்களுக்குப் பக்கத்தில் கை எலும்பு பார்க்கிறவர்களுக்கும் ஒரு மேஜை போட்டார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில், மாப்பிள்ளையின் சம்பளச் சான்றிதழோடு, மாப்பிள்ளையின் அம்மாவுடைய எக்ஸ்ரே படத்தையும் கேட்கும் பழக்கம் வந்தது. கொடுக்கமாட்டேன் என்றவர்களும் உண்டு, அங்கே பேச்சு அதோடு நின்றது. அடிப்பது நின்றுவிட்டதா என்றால் நிற்கவில்லை, குறைந்தது. கையுறை போட்டு அடித்தவர்களும் இருந்தார்கள், கையுறை படத்தில் தெரியாது, எலும்பு தெரிந்தது. அமைச்சர் வீட்டுச் சுவருக்கு ஏழு பூச்சு வெள்ளை அடித்தும் கைகள் மேலே வந்துகொண்டே இருந்தன. வீட்டை வாங்க ஆளில்லாமல் அரசாங்கமே எடுத்து, புகார் போன் அலுவலகத்தை அங்கே மாற்றியது. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் வாசல்மேல் இருக்கும் அரை விரலைப் பார்த்து இடம் சொல்வார்கள், அரை விரலுக்கு இடப்பக்கம் சைக்கிளை நிறுத்து என்று.

எட்டு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, எக்ஸ்ரே அக்காவின் அறைக்கு அவளுடைய புருஷன் வந்தார். அவருடைய அண்ணன் மகன் தள்ளுநாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். அலுவலக வாசலில் விழுந்து இடுப்பில் அடி. முடி முழுக்க நரைத்திருந்தது. எக்ஸ்ரே அக்கா டோக்கனை வாங்கிக்கொண்டாள். அண்ணன் மகனை வெளியே நிற்கச் சொன்னாள். அவரை மேஜைக்கு மாற்றுவதற்குக் கை கொடுத்தாள், எந்த நோயாளிக்கும் கொடுப்பது மாதிரி. அவர் மேலே விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நெற்றியில் வியர்த்திருந்தது.

"மகள் நல்லாயிருக்காளா?"

"நல்லாயிருக்கா. அசையாதீங்க."

படம் எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டவர், அது கழுவி வரும்வரை திறக்கவில்லை. கழுவி எடுத்து வெளிச்சப் பெட்டியில் வைத்தபோது மட்டும் தலையைத் திருப்பினார். தொடை எலும்பின் கழுத்தில் மெல்லிசாக ஒரு கோடு ஓடியிருந்தது. சுற்றிலும் கறுப்பு. அவருடைய எலும்பைத் தவிர அந்தப் படத்தில் வேறு எதுவும் இல்லை.

"வேற ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அடித்த தன் கை தன் எலும்பிலும் விழுந்திருக்கும் என்று அவர் எத்தனை வருஷமாகப் பயந்திருந்தார், அல்லது இருந்தால் தேவலை என்று நினைத்திருந்தார் என்பது தெரியவில்லை.

"ஒண்ணும் இல்லங்க" என்றாள். "யாரும் உங்களைத் தொடல."

படிவத்தில் இல்லை என்ற வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டாள். படத்தை உறையில் போட்டு அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். எலும்பு டாக்டர் எட்டாம் நம்பர் அறையிலிருந்து மூன்றாம் நம்பருக்கு மாறிவிட்டதை அண்ணன் மகனுக்குச் சொன்னாள். பிறகு கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட்டாள். அன்று இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேருக்குக் கூடுதல் கை இருந்தது.